குளத்துக்கு மருந்து, மாப்பிள்ளைக்கு மாத்திரை

என் மாப்பிள்ளையின் கழுத்தில் இருந்த வளையத்தை முதலில் கண்டது நான் இல்லை, அவரைக் கட்டிக்கொண்ட என் மகளும் இல்லை. பொது நீச்சல் குளத்தின் வாசலில், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்ற ஒரு பெண்தான் கண்டாள். அதற்கு முந்தைய வாரம் அந்தப் பிள்ளையின் முழங்கை மடிப்பில் சொறி இருக்கிறது என்று சொல்லி மாப்பிள்ளை அவர்களைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் திரும்புங்க," என்றாளாம். "என் பிள்ளை கையை டார்ச் அடிச்சுப் பாத்தீங்களே. உங்க கழுத்துல வட்டமா இருக்கே, அது என்னது?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை கழுத்தைத் தடவினார். விரலில் செதில் உதிர்ந்து ஒட்டியது. இருபத்துமூன்று வருடமாக அந்த வாசலில் அடுத்தவர் தோலைப் பார்த்துப் பதில் சொன்ன மனிதர், அன்றைக்கு டார்ச்சை அணைத்துவிட்டு வாசலை விட்டு விலகினார்.

அவரைப் பற்றிச் சொன்னால்தான் இது எவ்வளவு பெரிய அடி என்று விளங்கும். பத்தொன்பது வயதில் அந்தக் குளத்தில் பாசி தேய்க்கும் வேலைக்குச் சேர்ந்தவர். அப்போது அவருக்கு நீந்தத் தெரியாது. தண்ணீரை வடித்துவிட்டுத் தரையைத் தேய்க்கிற ஆளுக்கு நீச்சல் தெரியுமா என்று யார் கேட்கப் போகிறார்கள்? தேய்த்து முடித்து, திரும்பத் தண்ணீரைத் திறந்துவிடும்போது, இவர் நடுவில் போய் நின்றுகொள்வார். கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று தண்ணீர் ஏற ஏற அசையாமல் நின்று, அது தன்னைத் தூக்குகிறவரை காத்திருந்து, அப்படியே நீந்தக் கற்றுக்கொண்டாராம். கல்யாணம் பேச வந்த அன்று இதைத்தான் தன் படிப்பு என்று சொன்னார். எனக்குப் பிடித்துப்போனது.

"தண்ணி கழுத்துக்கு வந்தும் நின்ன ஆளு. நம்ம பொண்ணை விட்டுட்டு ஓட மாட்டார்," என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"ஓட மாட்டார். நீந்திப் போயிடுவார்," என்றார் அவர்.

எங்கும் போகவில்லை. நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். பாசி தேய்த்தவர் கொஞ்ச காலத்தில் குளத்துக் காவலர் ஆனார். ஒன்பது பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து உயிரோடு தூக்கியிருக்கிறார். ஆனால் ஊருக்குள் அவர் பெயர் வாங்கியது அதற்காக இல்லை, வாசல் சோதனைக்காக. கையை நீட்டு, விரலை விரி, திரும்பு, பாதத்தைக் காட்டு. தோல் நோய் உள்ளவர்கள் உள்ளே வரக்கூடாது என்று வாசலில் பலகை இருக்கிறது. பலகை வைத்தவர்களே அதை மறந்துவிட்டார்கள், இவர் மறக்கவில்லை. என் பேத்திக்கு, அதாவது அவர் பெற்ற மகளுக்கு, ஒரு கோடையில் முதுகெல்லாம் வேர்க்குரு.

"அப்பா, இது வேர்க்குருப்பா. நேத்து நீதானே பவுடர் போட்டுவிட்ட?"

"வீட்டுல போட்டது அப்பா. இங்க நான் காவலர். டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா."

மூன்று நாள் அவரோடு அவள் பேசவில்லை. இவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

அப்படிப்பட்டவர் அன்று நடுப்பகலிலேயே வீட்டுக்கு வந்து நின்றார்.

"என்ன மாப்பிள்ளை, குளத்துல தண்ணி தீந்துபோச்சா?" என்று கேட்டுக்கொண்டே அடுக்களையிலிருந்து வந்தேன். அவர் சட்டையைக் கழற்றினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கழுத்தைச் சுற்றி, இரண்டு தோளிலும், கைகளின் மேல்பக்கத்திலும், நெஞ்சின் மேற்பகுதியிலும் வளையம் வளையமாகச் சிவந்திருந்தது. ஓரம் தடித்து, செதில் பூத்து, நடுவில் மட்டும் வெளிறியிருந்தது. சிறியது பெரியதோடு சேர்ந்து, ஈரத் தம்ளரை வைத்து வைத்து எடுத்த மேசை மாதிரி இருந்தது. குளத்தில் கையில்லாத பனியனோடு நிற்கிறவர் அவர். பனியன் மறைக்கிற இடத்தில் மட்டும் ஒரு புள்ளி இல்லை.

"இத்தனை நாளா இதை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

"ஒளிக்கல அத்தை. முதல்ல ஒண்ணு ரெண்டு இருந்துச்சு. அரிக்கவும் இல்ல. வெயில்ல கன்னிப்போயிருக்குன்னு விட்டுட்டேன்."

சாயங்காலம் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை முடித்து வந்த என் மகள் பார்த்துவிட்டு, "படர்தாமரை" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. அவர் அதிகம் பேரைத் திருப்பி அனுப்பியது அந்த ஒரு நோய்க்காகத்தான்.

குளத்து மேலாளர் கெட்டவர் இல்லை. மறுநாள் கூப்பிட்டுப் பக்குவமாகத்தான் சொல்லியிருக்கிறார். "உங்களுக்கே இருக்குன்னா நான் யாரைத் தடுக்க முடியும்? லீவுல போங்க. நாலு மாசத்துல பள்ளிக்கூடப் பிள்ளைங்க நீச்சல் வகுப்புக்கு வந்துடுவாங்க. அதுக்குள்ள தோல் சரியாகி, டாக்டர் கடிதத்தோட வந்தா உங்க இடம் உங்களுக்கு. இல்லேன்னா வேற ஆளைப் போட வேண்டியிருக்கும்." நாலு மாசம் என்ற சொல் அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கூரையில் தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீரைத் தவிர வேறு தொழில் தெரியாத மனிதர் அவர்.

தெருமுனையில் இருக்கும் டாக்டரிடம் போனோம். நானும் கூடவே போனேன். யார் வேண்டாமென்றாலும் நான் போவேன், அது என் வழக்கம். டாக்டர் வளையங்களைப் பார்த்தார், கேள்விகள் கேட்டார்.

"மருந்து ஏதாவது போடுறீங்களா?"

"தினமும் போடுறேன் டாக்டர். காலையில ஒரு தடவை. கூட்டம் ஜாஸ்தியா இருந்தா சாயங்காலமும் போடுவேன்."

"எவ்வளவு?"

"ஒரு தடவைக்கு ரெண்டு கிலோ."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ரெண்டு கிலோவா?"

"தண்ணிக்குங்க. குளோரின்."

குளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மருந்து என்றால் அதுதான். "மருந்து போட்டாச்சா", "இன்னைக்கு மருந்து தூக்கல்" என்றுதான் பேசிக்கொள்வார்கள். எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சே ஒட்டிக்கொண்டது. டாக்டர் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். சிரித்த சிரிப்பில் அவர் கேட்க வந்த கேள்வி அங்கேயே செத்துப்போனது. "அப்போ அந்தக் குளோரின்தான் வேலையைக் காட்டுது," என்று முடித்துவிட்டு, பூசுவதற்குக் களிம்பு எழுதிக்கொடுத்தார்.

குளோரினை விட்டு விலகியாயிற்று. களிம்பும் பூசியாயிற்று. வளையம் குறையவில்லை. அப்போது நான் ஒரு வைத்தியம் சொன்னேன். "வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்தா எப்படி ஆறும்? மாடியில வெயில்ல உக்காருங்க மாப்பிள்ளை. வெயில் பட்டா எந்தக் கிருமியும் காஞ்சுபோயிடும்." மறுத்துப் பேசத் தெரியாத மனிதர். தினமும் இரண்டு மணி நேரம் சட்டையில்லாமல் மாடியில் உட்கார்ந்தார். நானே நாற்காலியை நிழல் விழாத பக்கமாக இழுத்துப் போட்டேன். இரண்டு வாரத்தில் வளையம் நெற்றிக்கு ஏறியது.

ஒன்றரை மாதம் இப்படியே போன பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரிடம் காட்டினோம். என் பேத்தியைவிடப் பத்து வயதுதான் மூத்திருப்பாள். களிம்பை முகர்ந்துகூடப் பார்க்காமல் ஒதுக்கி வைத்தாள். ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று அவளும் கேட்டாள். இல்லை என்றார் மாப்பிள்ளை. தோளில் கடுகளவு சதை எடுத்து, ரத்தமும் எடுத்து, பத்து நாள் கழித்து வரச் சொன்னாள்.

பத்தாம் நாள் காலையில் ஒன்றும் சாப்பிடாமலே கிளம்பிப் போனோம். முதல் டோக்கன் எங்களுடையது. டாக்டர் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இது படர்தாமரை இல்ல. யாருக்கும் ஒட்டவும் ஒட்டாது."

மாப்பிள்ளை மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

"உடம்பு தன்னோட தோலையே வெளியாள்னு நெனச்சு அடிக்குது. வெயில் படுற இடத்துலதான் வருது. குளோரின்னா பனியனுக்கு உள்ளயும் வந்திருக்கணும்ல? தண்ணி அங்க போகாம இருக்குமா?"

"வெயிலா?" என்றேன். "நான்தான்மா அவரை மாடியில உக்கார வச்சேன்."

"இனிமே வைக்காதீங்க," என்றாள். அவ்வளவுதான், திட்டவில்லை. "இது சிலருக்குத் தானா வரும். சிலருக்கு ஏதாவது மருந்தால வரும். இவர்தான் எதுவுமே சாப்பிடுறதில்லேன்னு சொல்லிட்டாரே."

"எதுவும் இல்லைங்க," என்றார் மாப்பிள்ளை மறுபடியும்.

அந்த நேரத்தில் நர்ஸ் ஏதோ காகிதத்தோடு வந்தாள். டாக்டர் அந்தப் பக்கம் திரும்பிக் கையெழுத்துப் போட ஆரம்பித்தாள். எனக்கு வயிறுதான் கடிகாரம். இங்கே முடித்துக்கொண்டு எதிர்க்கடையில் டீயும் ரொட்டியும் சாப்பிடலாம், அதற்கு அரைமணி நேரம் முன்னால் போட வேண்டியதைப் போட்டுவிடலாம் என்று பையைத் திறந்தேன். நான் ஒன்று வாயில் போட்டுக்கொண்டு மாப்பிள்ளையிடம் ஒன்றைக் கொடுத்தேன். தண்ணீர் பாட்டிலையும் நீட்டினேன். அவர் அண்ணாந்து விழுங்கினார்.

டாக்டர் திரும்பினாள். "இப்ப என்ன முழுங்கினீங்க?"

"மாத்திரைங்க."

"மாத்திரை மருந்து இல்லையா?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "இது நோவுக்குச் சாப்பிடுறது இல்லைம்மா. சாப்பாட்டுக்கு முன்னாடி போட்டுக்கறது. எதுக்களிக்காம இருக்க."

அவள் கையை நீட்டினாள். அட்டையைக் கொடுத்தேன். அதில் எழுதியிருந்ததைப் படித்தவள் மேசையில் வைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை மாசமா போடுறார்?"

"ஒரு வருஷம் ஆகப்போகுது."

"யார் எழுதிக் குடுத்தது?"

"எனக்கு எழுதிக் குடுத்தாங்க," என்றேன். "நான் அவருக்குக் குடுத்தேன்."

நடந்தது அதுதான். நெஞ்செரிச்சலுக்காக எனக்கு ஒரு டாக்டர் அந்த மாத்திரையைக் கொடுத்தார். எனக்குக் கைகண்ட மருந்து. மாப்பிள்ளைக்கும் நேரம் கெட்ட சாப்பாட்டால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறும், உட்கார்ந்தே தூங்குவார். பார்க்கப் பொறுக்காமல் என் அட்டையிலிருந்து பிய்த்துக் கொடுத்தேன். மூன்றே நாளில் எரிச்சல் போயிற்று. அப்புறம் இரண்டு பேருக்கும் சேர்த்தே கடையில் வாங்கினோம். பல் தேய்ப்பது போல ஆகிவிட்டது. பல் தேய்ப்பதைப் போய் யாராவது டாக்டரிடம் சொல்வார்களா?

"அனேகமா இதுதான் காரணமா இருக்கும்," என்றாள் டாக்டர். "அபூர்வமாத்தான் வரும், ஆனா வரும். போட ஆரம்பிச்சுப் பல மாசம் கழிச்சும் வரலாம். அதனாலதான் யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. நிறுத்திப் பாத்தா தெரிஞ்சுடும்."

எனக்கு ஏற்கவே முடியவில்லை. "வயித்துக்குப் போற மாத்திரை கழுத்துல எப்படிம்மா வரும்? அதே அட்டை, அதே மாத்திரை. ரெண்டு வருஷமா நான் போடுறேன். என் கையைப் பாருங்க."

பார்த்தாள். "உங்களுக்கு ஒத்துக்குது. நீங்களா நிறுத்த வேண்டாம், எழுதிக் குடுத்தவரைக் கேட்டுக்கங்க. இவருக்கு ஒத்துக்கல."

"ஏன்?"

"ஏன் இவருக்கு மட்டும்னு கேட்டா, முழுசா எங்களுக்கே தெரியாது பாட்டிம்மா."

தெரியாது என்று ஒரு டாக்டர் வாயால் கேட்டது அன்றுதான். டீக்கடையை நாங்கள் தாண்டிப் போனதையே வீட்டுக்கு வந்த பிறகுதான் உணர்ந்தேன்.

என் மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பெட்டிக்குள்ள ஒரு காகிதம் மடிச்சு வச்சிருப்பாங்களே, அது எங்கம்மா?" என்றாள். எனக்குப் படிக்கத் தெரியாது. பொடி எழுத்துக் காகிதத்தால் எனக்கு என்ன உபயோகம்? சாப்பாட்டு மேசையின் ஒரு கால் குட்டை, ஆடிக்கொண்டே இருக்கும். அதற்கு அடியில் மடித்துச் சொருகியிருந்தேன். என் மகள் குனிந்து அதை உருவினாள். மேசை சாய்ந்தது. நசுங்கிப்போன காகிதத்தை நீவி நீவி, விரலை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தாள். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"போட்டிருக்கும்மா. தோலில் தடிப்பு. வெயில் படுற இடத்துல வந்தா உடனே டாக்டரைப் பாக்கணுமாம்."

தினமும் அந்த மேசையில்தான் சாப்பிட்டோம். தினமும் அந்த மேசையில் வைத்துத்தான் அவருக்கு மாத்திரை கொடுத்தேன். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாப்பிள்ளைதான் வந்து தூக்கிவிட்டார். "விடுங்க அத்தை. எரியுதேன்னுதானே குடுத்தீங்க," என்றார். அவர் கத்தியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மாத்திரையை நிறுத்தியாயிற்று. டாக்டர் வேறு களிம்பும், எரிந்தால் குடிக்க வெள்ளைத் திரவமும் கொடுத்திருந்தாள். முழுக்கைச் சட்டை, தொப்பி, பொழுது சாய்வதற்குள் சாப்பாடு. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினோம். காலையில் எழுந்து பார்த்தால் மாப்பிள்ளை வழுக்கி வழுக்கிக் கால்மாட்டில் சுருண்டு கிடப்பார். "நீச்சலை விட்டுட்டுச் சறுக்கு மரத்துல சேந்துட்டார்," என்பாள் மகள்.

ஆனால் எரிச்சல் முன்னைவிட இரண்டு பங்காகத் திரும்பி வந்தது. நிறுத்திய புதிதில் அப்படித்தான் இருக்கும், போகப்போக அடங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். சொல்லக் கேட்பது வேறு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நடப்பதைப் பார்ப்பது வேறு. இரண்டு வாரம் ஆயிற்று. வளையங்கள் ஒன்றும் அசையவில்லை. மேலாளர் சொன்ன நாளுக்கு ஒன்றரை மாதம்தான் இருந்தது.

ஒரு காலையில் அடுக்களை வாசலில் வந்து நின்றார். "அத்தை, டாக்டரம்மா கணக்கு தப்புன்னு நெனைக்கிறேன். தோலும் ஆறல, நெஞ்சும் வேகுது. உங்க அட்டையில இருந்து ஒண்ணே ஒண்ணு குடுங்க."

"மாட்டேன்."

"உங்களுக்கே அது காரணம்னு நம்பிக்கை இல்லேன்னீங்களே."

"இப்பவும் முழுசா இல்ல. அப்போ நீங்க கேக்காமலே குடுத்தேன். இப்போ கேட்டாலும் குடுக்கறதா இல்ல."

"ரொம்ப எரியுது அத்தை."

"தெரியுது. அந்த வெள்ளைத் தண்ணியைக் குடிங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். என் மாத்திரை அட்டையை அன்றிலிருந்து தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினேன். நான் எனக்குப் போட்டுக்கொள்வதையும் அவர் கண்ணில் படாமல்தான் போட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டில் நானும் மாப்பிள்ளையும் பேசாமல் இருந்தது அந்த ஐந்து நாள்தான்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என் மகள் அவர் உடம்பில் வளையங்களை எண்ணுவாள். முப்பத்தொன்று, முப்பத்தொன்று, முப்பது. நான்காவது ஞாயிறு எண்ணியவள் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். "ஏங்க, அசையாதீங்க. பத்தொன்பதுதான் வருது." நான் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். தடித்திருந்த ஓரங்கள் படிந்துகொண்டிருந்தன. அடுத்த மாதம் முடியும்போது செதில் இல்லை, சிவப்பு இல்லை. வளையம் இருந்த இடங்களில் லேசான கறை மட்டும் மிஞ்சியது. எரிச்சலும் தினசரி என்பது போய் எப்போதாவது என்று ஆகியிருந்தது. அந்த மாத்திரையேதான் என்று டாக்டர் கடிதம் எழுதிக் கொடுத்தாள். இனி அதைத் தொடவே கூடாது என்றும் எழுதினாள். எனக்கு அப்போதுதான் முழுசாக நம்பிக்கை வந்தது. வந்தபோது மகிழ்ச்சி வரவில்லை.

நாலு மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது மேலாளரைப் பார்க்கப் போனோம்.

"நீங்க எதுக்கு அத்தை?" என்றார் மாப்பிள்ளை.

"அவர் ஏதாவது கேட்டா, குடுத்த கை பதில் சொல்ல வேண்டாமா?"

மேலாளர் கடிதத்தை வாங்கி மெதுவாகப் படித்தார். "ஒட்டாது... தோல் ஆறிடுச்சு... சரி." மாப்பிள்ளையின் கைகளையும் கழுத்தையும் பார்த்தார். மறுபடி கடிதத்துக்குப் போனார். "மாத்திரையால வந்ததுன்னு போட்டிருக்காங்க. எந்த மாத்திரை? இந்தப் பேர் எனக்கு..." என்று நிறுத்தினார்.

"நெஞ்செரிச்சலுக்குச் சாப்பாட்டுக்கு முன்னாடி போடுவாங்களே சார், அதுதான்," என்றார் மாப்பிள்ளை.

மேலாளர் மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே இருந்து ஓர் அட்டையை எடுத்து, கடிதத்தின் பக்கத்தில் வைத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார். எனக்கு எழுத்து தெரியாது, அட்டை தெரியும். பாதி காலியாக இருந்தது. அவர் முகம் வெளுத்துப்போனது. சட்டைக் கைப் பொத்தானைக் கழற்றி முழங்கைக்கு மேல் சுருட்டினார்.

"கொஞ்சம் பாருங்க," என்றார் மாப்பிள்ளையிடம்.

மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல சார்."

"நல்லா பாருங்க. பின்கழுத்து?"

"இல்ல சார்."

"நீங்களா நிறுத்திடாதீங்க தம்பி," என்று நான் சொன்னேன். "நிறைய பேருக்கு ஒண்ணும் பண்ணாது. எனக்கும் பண்ணல. எழுதிக் குடுத்த டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. யாரு எழுதிக் குடுத்தது?"

அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பக்கத்து வீட்டுக்காரர் குடுத்தாரும்மா. அவருக்கு நல்லா கேட்டுச்சாம்."

வெளியே குளத்தில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள், அந்த இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது.

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வந்துடுங்க. முழுக்கைச் சட்டையோட நிழல்ல நில்லுங்க, குடை போடச் சொல்றேன்," என்றார் மேலாளர், சுருட்டிய சட்டைக் கையை இறக்காமலே.